வலப்பக்கத்துப் பெஞ்சு

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தை இதுவரை நான் பார்த்ததில்லை. எங்கோ பெரிய நகரத்தில் இருக்கிறது. மகள் ஒருமுறை போனில் படம் காட்டினாள். உயரமான தூண்கள், உள்ளேயே பஸ் ஓடும் அளவுக்கு அகலமான ரோடு, மரத்தடியில் கும்பல் கும்பலாகப் பிள்ளைகள். "இதுதாம்மா நீ படிக்கிற எடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படிக்கிற இடம் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பு அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது பல்கலைக்கழகம். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் எட்டாம் வகுப்பாகிவிடும்.

பெஞ்சுகளும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்தவைதான். அதில் எங்களைப் போன்ற ஆட்கள் உட்கார்ந்தால் முட்டி மேலே இடிக்கும். எழுந்திருக்கும்போது பெஞ்சும் கூடவே எழுந்து வரும். கரும்பலகையில் வெள்ளிக்கிழமை போட்ட கணக்கு அப்படியே இருக்கும். எங்களில் யாராவது எழுந்துபோய், விடை சரிதானா என்று மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழிப்பார்கள்.

நான் பிளஸ் டூவோடு நிறுத்தியவள். பிறகு கல்யாணம், மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பிள்ளை என்று வருஷங்கள் போய்விட்டன. மகள் திருச்சியில் கல்லூரிக்குப் போனாள். அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் அவளுடைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு நான் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பார்த்துவிட்டு, "படிக்கிறது நீ, பரிச்ச எழுதுறது மட்டும் நானா? நீயே சேந்துடும்மா" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போனிலேயே சேர்த்துவிட்டாள். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு.

என் வீட்டுக்காரர் ரொம்பத் தாராளமாக, "போ, போ, நல்லா படி. ஞாயித்துக்கெழம ஒருநாள் வூடு அமைதியா இருக்கும்" என்றார். நான் இருந்தாலும் வீடு அமைதியாகத்தான் இருக்கும் என்பதும், ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இனி அவருடையது என்பதும் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வரும் ரோட்டில் எங்கள் ஊர். பஸ் ஏறிப் போய் வகுப்பில் முதல்நாள் நுழைந்தபோது நான் பார்த்த முதல் விஷயம், அங்கேயும் பஸ்தான். எங்கள் பக்கத்து பஸ்களில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருக்கும் பஸ்ஸிலும் யாரும் படித்துப் பார்த்து உட்காருவதில்லை. அதே மாதிரி, பல்கலைக்கழகத்து மாணவ மாணவியர் நாங்கள், இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள் என்று உட்கார்ந்துகொண்டோம். நடுவில் நடைபாதை. கண்டக்டர் மட்டும்தான் இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பெண் ஏட்டு. போலீஸ் அக்கா என்றே எல்லாரும் கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பந்தோபஸ்து போட்டுவிட்டால் வரமாட்டார். வந்தால் அறையே அவர் பேச்சாக இருக்கும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் முதல் பெஞ்சில் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் ஒரு அண்ணன். ஆளைப் பார்த்தால் லாரியை ஒற்றைக் கையால் நிறுத்திவிடுவார் போலிருக்கும். குரல் மட்டும் கொசு பறக்கிற மாதிரி. வகுப்பில் அவர்தான் ஒன்றாம் நம்பர். ஒருநாள்கூட லீவு போடாதவர். அதை எல்லாரிடமும் சொல்லவும் செய்வார்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அரியலூரிலிருந்து வருவார். ஓய்வு பெற்ற பேராசிரியர். ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். வருகை எடுக்கும்போது நம்பரைப் படிப்பார். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். "எஸ் சார்" என்று சொன்னவர்களுக்கெல்லாம் முதல் நாளே வருகை இல்லை. படிக்கும்போது தலையை நிமிர்த்த மாட்டார். கண் நோட்டில், பேனா கையில். சத்தம் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி.

இங்கேதான் எனக்குத் தகராறு.

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் "ஒரு கிலோ சர்க்கர" என்று கேட்டுவிட்டு நிற்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகு, கடைக்காரர் "உனக்கு என்னம்மா வேணும், வந்ததுலேர்ந்து பேசாமலே நிக்கிற" என்பார். பஸ்ஸில் நான் "எறக்கம்" என்று சொல்லி, அது கண்டக்டருக்குக் கேட்காமல், அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி நடந்து வந்ததும் உண்டு. "உங்கிட்ட போன்ல பேசுனா, நீ ஏதோ கெணத்துக்குள்ள எறங்கி நின்னு பேசுற மாதிரியே இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.

முப்பத்தேழு என் நம்பர். ஒவ்வொரு ஞாயிறும் "உள்ளேன் ஐயா" என்று சொன்னேன். என்னைக் கேட்டால் சத்தமாகத்தான் சொன்னேன். தலைக்கு மேலே ஓடிய பழைய ஃபேன் கடகடவென்று ஒரு கட்டை வண்டி போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. ஐயா என்ன குறித்தார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சொன்னேன், உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

முதலாண்டு வகுப்புகள் முடியப் போகிற சமயத்தில் ஒரு ஞாயிறு, வருகை குறைந்தவர்களை ஐயா வாசித்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தது. கடைசியில், "முப்பத்தேழு. சேந்ததோட சரி. ஒருநாள்கூட வகுப்புக்கு வரல. பரிச்சைக்கு அனுமதிச் சீட்டு வராது. அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து சேந்து படிக்கட்டும்" என்றார்.

நான் ஒருநாள்கூட வரவில்லை என்பதை வகுப்பில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

போலீஸ் அக்காவுக்கு அன்று செட்டிகுளத்தில் பந்தோபஸ்து, வரவில்லை. மற்றவர்களுக்கு என் நம்பர் தெரியாது. இடைவேளையில் எப்படியும் சொல்லிவிடுவது என்று மேசை வரைக்கும் போனேன். ஐயா நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. அடுத்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து சேருவது என்பது மற்றவர்களுக்கு ஒரு வருஷம்தான். என்னை எனக்குத் தெரியும். இன்னொரு தடவை புதிய முகங்களுக்கு முன்னால் போய் முதல்நாள் உட்கார எனக்குக் கால் வராது. இந்தப் பரீட்சை போனால் என் படிப்பு போனதுதான்.

மகளிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது போலக் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, எங்க காலேஜுல வராமலே வந்தேன்னு கணக்கு காட்டுறவங்க இருக்காங்க. வாரா வாரம் போயி வரலன்னு பேரு வாங்குன ஒரே ஆளு நீதாம்மா."

"இப்ப என்ன பண்றது பாப்பா?"

"கத்தும்மா. கொல்லையில மயிலு வெரட்டுறப்ப கத்துவல்ல, அப்புடிக் கத்து."

அது உண்மைதான். மக்காச்சோளத்தில் மயில் இறங்கிவிட்டால் என் சத்தம் நாலு கொல்லைக்குக் கேட்கும். மயில்களுக்கு முன்னால் எனக்குக் கூச்சமில்லை. மறுநாள் காலையில் கொல்லைக்குப் போய், சுற்றும் முற்றும் பார்த்து, சோளத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "உள்ளேன் ஐயா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் கையில் கம்போடு ஓடிவந்தார். "எங்க பாம்பு? எங்க?"

"பாம்பு இல்லீங்க. சும்மா படிச்சுப் பாத்தேன்."

வரப்புக்கு அந்தப் பக்கத்துச் சோளத்துக்குள்ளிருந்து பக்கத்துக் கொல்லை மாமாவின் குரல் வந்தது: "நானும் இங்கதான் உள்ளேன் ஆத்தா. என்ன வேணும்?"

அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுவதும் எங்கள் தெருவில் யார் எதிர்ப்பட்டாலும் "உள்ளேன் ஐயா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு போலீஸ் அக்கா வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்காடி மூஞ்சிய இப்புடி வச்சிருக்க? நீ சும்மா உக்காரு, நான் பாத்துக்குறேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஐயா வாசித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு போலீஸ் அக்காவின் நம்பர். "உள்ளேன் ஐயா!" என்றார். ஃபேனே ஒரு சுற்று நின்று ஓடியது போலிருந்தது. பிறகு முப்பத்தேழு வந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து, "உள்ளேன் ஐயா!"

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். அந்த வருஷத்தில் முதல்முறையாக வருகை எடுக்கும்போது தலையை நிமிர்த்தினார்.

"பன்னண்டும் முப்பத்தேழும் ஒரே குரலா?"

எல்லாரும் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

"ப்ராக்ஸி குடுக்குறதெல்லாம் இருவது வயசுப் பசங்க பண்ற வேல. பேரன் பேத்தி எடுக்குற வயசுலயுமா? யாரு குடுத்தது?"

போலீஸ் அக்கா எழுந்து அட்டென்ஷனில் நின்றார். "தப்புதாங்க ஐயா. ஆனா அவங்க வந்துருக்காங்க."

"வந்துருக்கவங்களுக்கு எதுக்கும்மா ப்ராக்ஸி?"

நியாயமான கேள்வி. நான் எழுந்தேன். பெஞ்சும் கொஞ்சம் எழுந்தது.

"நீங்களா முப்பத்தேழு?"

"ஆமாங்க ஐயா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் தலையை ஆட்டினேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மொகம் தெரியுது. ஞாயித்துக்கெழம தவறாம பாக்குறேன். ஆனா நீங்க இந்த ஏட்டம்மாவுக்குத் தொணையா வர்றவங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

வகுப்பே சிரித்தது. ஏட்டுக்குத் துணையாக நான்! போலீஸ் அக்கா சிரித்த சிரிப்பில் அட்டென்ஷன் கலைந்துவிட்டது. சிமெண்ட் அண்ணன் எழுந்து, "ஐயா, தங்கச்சி வாரா வாரம் வருதுங்க. நான் ஒருநாள்கூட லீவு போட்டதில்ல, அதனால எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொன்னார். சாட்சி எனக்குத்தான், ஆனாலும் அதில் பாதி அவருக்கே போய்விட்டது.

ஐயா நல்லவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த ஞாயிறு கடைசி வகுப்பு. அன்னிக்கு உங்க கொரலு, உங்க வாயிலேர்ந்து வந்து, என் காதுல விழுகணும். விழுந்துச்சுன்னா முன்னாடி வந்த நாளையும் சேத்து நானே எழுதிக் குடுத்துடுறேன். விழுகலன்னா என்னைக் கொற சொல்லக் கூடாது."

இடைவேளையில் சிமெண்ட் அண்ணன் எனக்குத் தைரியம் சொன்னார். "ரெண்டே வார்த்த தங்கச்சி. நான் என்ன கத்தவா செய்யிறேன்? சும்மா வாயத் தொறந்து சொல்றேன், ஐயாவுக்குக் கேக்குது. மனசுல தைரியம் இருந்தா போதும்." அதையும் கொசுக் குரலில்தான் சொன்னார். அவருடைய அந்தக் குரல் கேட்கிறது, என்னுடையது ஏன் கேட்கவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை.

அது புரிந்தது அன்று சாயங்காலம் பஸ்ஸில்.

அரியலூர் பஸ்ஸில் நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஐயா ஏறினார். வலப்பக்கம், எனக்கு இரண்டு சீட்டு முன்னால், மூன்று பேர் உட்காரும் சீட்டின் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வலது கைப்பக்கம் ஒரு பெரியவர், மடியில் வெங்காயப் பை வைத்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு அரியலூருங்களா?" என்றார் அந்தப் பெரியவர். பஸ் நிற்கிற நேரம்; எனக்கே கேட்டது.

ஐயா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ வருமாங்க சார்?"

பதில் இல்லை. பெரியவர் விடவில்லை. மழை, வெங்காயம், மருமகன் என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒருமுறை அவருடைய முழங்கை இடித்தது. ஐயா திரும்பிப் பார்த்து, சிரித்து, தலையை ஆட்டினார். "மருமவன் செஞ்சது சரிங்கிறீங்களா?" என்று பெரியவர் கோபமாகக் கேட்டார். ஐயா அதற்கும் தலையாட்டினார். பெரியவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது கண்டக்டர் நடைபாதையில் வந்து, ஐயாவின் இடது தோள்பக்கம் நின்று, மெதுவாக, "அரியலூர் ஒண்ணுங்களா சார்?" என்றார்.

"ஆமாப்பா, அரியலூர் ஒண்ணு. சில்லறையே வச்சிருக்கேன்" என்றார் ஐயா உடனே.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு ஐயாவின் இரண்டு காதுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஐயாவின் வலது காது வேலை செய்யவில்லை. நாங்கள் அவரைப் பார்த்து உட்கார்ந்தால் எங்கள் இடப்பக்கம் அவருக்கு வலப்பக்கம். பெண்கள் எல்லாரும் பஸ் வழக்கத்தை வகுப்புக்குள் கொண்டுவந்து, ஒன்றுவிடாமல் அவருடைய கேட்காத காதுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். போலீஸ் அக்கா மாதிரி கத்துகிறவர்கள் தப்பித்தார்கள். சுமாராகச் சொன்னவர்களுக்குச் சில நாள் போயிற்று. எனக்கு எல்லாமே போயிற்று. சிமெண்ட் அண்ணனின் தைரியத்துக்கும் இப்போது காரணம் தெரிந்தது.

கோபம் வரவில்லை. கொஞ்சம் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை என்று சொல்லக் கூசி அவர் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். சொல்லக் கூசி நான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பரீட்சையைக் கெடுக்கப் பார்த்திருக்கிறோம்.

போலீஸ் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவருக்கு உடனே உத்தியோகம் வந்துவிட்டது.

"ஒரு பெட்டிஷன் போட்ரலாம். காது கேக்காதவர வச்சு எப்புடி வருகை எடுக்கலாம்னு நாலே வரி. நானே எழுதித் தரேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

"வேணாங்க்கா."

"ஏண்டி? உன் பரிச்சடி."

"அத்தன பேரு முன்னாடி அவரு எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும்ல."

"நீயெல்லாம் எப்புடித்தான் பொழைக்கப் போறியோ" என்று சொல்லிவிட்டுப் போலீஸ் அக்கா போனை வைத்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இதுக்கு என்னாத்துக்கு இவ்ளோ யோசன? அந்தப் பக்கம் போயி உக்காரு" என்றார்.

"அது ஆம்பளைங்க பக்கம்ங்க."

"இருந்தா என்ன? எல்லாம் ஒரே பெஞ்சுதானே."

"நீங்க பஸ்சுல லேடீஸ் சீட்டுல உக்காருவீங்களா?"

"சேச்சே."

"வெறுமனே கெடந்தா?"

"வெறுமனே கெடந்தாலும் நின்னுக்கிட்டுத்தான் வருவேன்."

கை கழுவும்போது அவரே, "ஒண்ணு செய்யி. எல்லாருக்கும் முன்னாடி போயி உக்காந்துரு. யாரு பக்கம்னு அப்ப எழுதியா இருக்கும்?" என்றார். நானும் அதையேதான் யோசித்து வைத்திருந்தேன்.

கடைசி ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். அறையில் யாருமில்லை. காலையிலிருந்து கரண்டும் இல்லை. வலப்பக்கம் முதல் பெஞ்சில், சிமெண்ட் அண்ணனுடைய இடத்தில், போய் உட்கார்ந்தேன். பஸ்ஸில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. யாராவது வந்து எழுப்பினால் எழுந்துவிடுவேன் என்று எனக்கே பயம்.

முதலில் வந்தது சிமெண்ட் அண்ணன்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். வெளியே போய், சரியான அறைதானா என்று பார்த்துவிட்டு மறுபடியும் வந்தார்.

"தங்கச்சி, எடம் மாறி உக்காந்துட்டீங்க."

"ஆமாங்கண்ணே."

என் பக்கத்தில் உட்கார அவருக்குக் கூச்சம். பின்னால் உட்காரவும் கூச்சம். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடைபாதையைத் தாண்டி, இடப்பக்கம் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அடுத்து வந்த ஆண் வாசலில் நின்று, ஆம்பளை எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார். சிமெண்ட் அண்ணன் பக்கத்தில் போனார். அடுத்து வந்தவரும் அப்படியே. பெண்கள் வந்தார்கள், நான் இருக்கும் பக்கம் பார்த்தார்கள், ஒரு வார்த்தை கேட்காமல் என் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் மாறச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுவதும் பக்கம் மாறிவிட்டது.

போலீஸ் அக்கா கடைசியாக வந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "என்னடி இது, பஸ்ஸையே திருப்பிப் போட்டுட்டியா?" என்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

ஐயா வந்தார். பையை வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நோட்டைத் திறந்தார்.

"ஒண்ணு."

கடைசிப் பெஞ்சிலிருந்து சிமெண்ட் அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. ஐயாவின் பேனா ஒரு சுழி போட்டது. முதல் பெஞ்சில் இருந்ததால் இந்த முறை நான் கண்ணாலேயே பார்த்தேன். அடுத்த ஆணுக்கும் சுழி. அதற்கடுத்தவருக்கும். பெண்களுக்கெல்லாம் கோடு. இடப்பக்கத்தில் சலசலப்பு வந்தது. ஐயா நிமிரவில்லை.

"முப்பத்தேழு."

கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தேன். கத்தவில்லை. மளிகைக் கடையில் கேட்கிற அதே குரலில், "உள்ளேன் ஐயா" என்றேன்.

பேனா நின்றது. ஐயா நிமிர்ந்து, முதலில் நான் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தார். அங்கே மீசை வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்களாம்மா?"

"ஆமாங்க ஐயா."

"இவ்ளோ நாளா எங்க இருந்தீங்க?"

"இங்கதாங்க ஐயா."

ஐயா என்னைப் பார்த்தார். ஆண்கள் பக்கம் பார்த்தார், பெண்கள் பக்கம் பார்த்தார். கண்ணாடிக் காம்பைச் சரி செய்கிறவர் போல வலது காதருகே கை போயிற்று. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"எதுக்கு எல்லாரும் பக்கம் மாறி உக்காந்துருக்கீங்க?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

போலீஸ் அக்கா வாயைத் திறந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை முந்திக்கொண்டு நான் பேசினேன்.

"அந்தப் பக்கம் ஃபேன் சத்தம்ங்க ஐயா."

ஐயா மேலே பார்த்தார். வகுப்பே மேலே பார்த்தது. கரண்ட் இல்லாமல் ஃபேன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஆமாமா" என்றார் ஐயா, நின்ற ஃபேனைப் பார்த்தபடியே. "அது ரொம்ப நாளாவே அப்புடித்தான். மனுசன ஒண்ணும் கேக்க விடாது." என் நம்பருக்கு நேராகக் கோடு போட்டார். பழைய சுழிகளின் ஓரத்தில் என்னவோ எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அப்போது பின்னால் சிமெண்ட் அண்ணன் எழுந்து நின்றார். ஒருநாள்கூட லீவு போடாதவர் முகத்தில் வேர்வை. "ஐயா, ஒண்ணாம் நம்பருங்க. வந்துருக்கேங்க" என்றார். ஐயா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னார். அதுவும் விழவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அது என்னுடையது.

"ஐயா, ஒண்ணாம் நம்பர் அண்ணன் வந்துருக்காருங்க" என்றேன்.

"ப்ராக்ஸியாம்மா?" என்றார் ஐயா. கண்ணாடிக்குள் சிரித்தார். "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஒவ்வொரு ஆணுக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "வாயாடி ஆயிட்டடி" என்று போலீஸ் அக்கா என் தொடையில் கிள்ளினார்.

அனுமதிச் சீட்டு வந்தது. அரியலூரில் பரீட்சை எழுதினோம். அங்கே யாரும் குரல் கேட்கவில்லை; தாளை நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசிப் பரீட்சை முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, சிமெண்ட் அண்ணன் அவருடைய பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ரெண்டாம் வருஷம் எந்தப் பக்கம் உக்காரப் போறீங்க? முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நாங்களும் பாத்து உக்காந்துக்குவோம்."

சொன்னேன். அதற்குள் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. அண்ணன் காதில் கையைக் குவித்து, "என்னாது?" என்று கேட்டுக்கொண்டே போனார்.